காஞ்சனபுரி: ஒருநாள் வேனில் போவதா, தங்கிப் பார்ப்பதா?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பார்க்க விரும்பும் நம்மவர்கள் பெரும்பாலும் பாங்காக்கில் அறை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து ஒருநாள் வேன் பயணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவை அந்தப் பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியிலேயே இரண்டு இரவு தங்கினேன். இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களைத் தவிர மற்ற எல்லாருக்கும் தங்கிப் பார்ப்பதைத்தான் சொல்வேன்.

வேன் பயணத்தில் அலைச்சல் இல்லை. விடியற்காலையில் விடுதி வாசலில் ஏற்றிக்கொள்கிறார்கள், இருட்டிய பிறகு அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். வயதானவர்களோடு, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் போக 130 கிலோமீட்டர், வர 130 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடுகிறது. மிச்ச நேரத்தில் பெரும்பகுதியை, அந்த ரயில் பாதை ஆற்றைக் கடக்கும் பாலம் எடுத்துக்கொள்கிறது.

பாலத்தை ஊன்றிப் பார்த்தால் அதுவே ஒரு பாடம்தான். வில்லாக வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவை. நடுவில் வளைவில்லாமல் நிற்கும் இரண்டும், குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. கீழே ஓடும் ஆற்றின் பெயர்கூட அன்று மே குளோங். பாலத்தைப் பற்றிய ஒரு படம் உலகம் முழுக்க ஓடிய பிறகு, 1960களில்தான் அதை குவே யாய் என்று மாற்றினார்கள். என் வேனில் வந்த கைடு இதில் எதையும் சொல்லவில்லை. படம் எடுக்க முக்கால் மணி, பாதை போடும்போது இறந்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்துக்கு இருபது நிமிடம் எப்படிப் போதும்? ஏறத்தாழ 7,000 பேர் அங்கே படுத்திருக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத கல், அதன்மேல் வெண்கலத் தகடு, அதில் பெயர், படைப்பிரிவு, வயது. 23, 24, 27 என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு ஒரு வரிசையைக் கடப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

சொந்தமாக ரயிலில் போவதும் ஒரு வழி. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் மூன்றாம் வகுப்பு வண்டி இருக்கிறது, வெளிநாட்டவருக்கு 100 பாட். அதே பழைய தடத்தில் நாம் தோக் என்ற கடைசி நிலையம் வரை போகிறது. தாம் கிராசே அருகே பாறையை ஒட்டிய மரப்பாலத்தில் ஊர்ந்து போகும்போது இடப்பக்க ஜன்னலில் இருப்பது நல்லது, ஆறு தெரியும். செலவு குறைவு. ஆனால் எங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆள் கிடையாது; முன்பே படித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் இது சரிவரும்.

தங்கினால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? முதலில், கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் தாய்லாந்து-பர்மா ரயில்பாதை மையம். 415 கிலோமீட்டர் பாதையை 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் எப்படி முடித்தார்கள், அதற்குள் எத்தனை உயிர் போனது என்பதை அங்கே நிதானமாகப் புரிந்துகொள்ளலாம். அடுத்த நாள் காலை ஹெல்ஃபயர் பாஸ், அதாவது நரகத்தீக் கணவாய்; ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிப் பிளந்த இடம். நகரத்திலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஒருநாள் வேன்கள் பலவும் அங்கே போவதில்லை. ஆஸ்திரேலிய அரசு நடத்தும் மையம், கட்டணம் இல்லை. காதில் மாட்டிக்கொள்ள ஒலிக்கருவி தருகிறார்கள். உயிர் பிழைத்த கைதிகளின் சொந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நடக்கலாம். படியிறங்கிப் போனால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர். ஒருவர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடித்துப் போட்ட துளைகளின் தடம் இன்றும் சுவரில் இருக்கிறது. ஓரிடத்தில் உடைந்த துளைக்கம்பி ஒன்று எடுக்க முடியாமல் அப்படியே பாறைக்குள் நிற்கிறது. அதற்கு எதிரில் நான் வெகுநேரம் நின்றேன். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கியதால்தான் இந்தப் பெயர். திரும்பி ஏறுவது சிரமம், முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளவும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள்.

தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் ஜப்பானியரிடம் கைதிகளான நேச நாட்டுப் படைவீரர்கள். 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் 12,000க்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சம்பளம் தருகிறோம் என்று அழைத்தும், பிடித்தும் கொண்டுபோன தமிழர்களுக்கு இது எதுவும் இல்லை. 70,000க்கு மேற்பட்ட மலாயாத் தொழிலாளர்கள் போனார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். பர்மியர், ஜாவானியர் எல்லாரையும் சேர்த்தால் இறந்த தொழிலாளர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆளுக்கொரு கல் என்று இவர்களுக்கு எங்கும் கிடையாது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வாட் தாவோர்ன் என்ற புத்த கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத தொழிலாளர்களின் நினைவிடம் அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்களுக்கு அங்கே ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். நான் போன வேன் அந்தத் தெருப்பக்கமே திரும்பவில்லை. தங்கியபோது தொழிலாளர் கதையைக் கேட்டு வைத்திருந்த உள்ளூர் கைடு ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்திக்கொண்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே அங்கேதான் கூட்டிப்போனார்.

ஆக, எந்தப் பயணத்துக்கும் முன்பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஹெல்ஃபயர் பாஸில் எவ்வளவு நேரம் விடுவீர்கள்? வாட் தாவோர்ன் போவீர்களா? இரண்டாவதற்கு “அது எங்கே இருக்கிறது?” என்று பதில் வந்தால் அந்த வேன் வேண்டாம். ஒருநாள் பயணத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்பவர்கள், கல்லறைத் தோட்டத்தில் இறங்கியதும் கைடிடம் சொல்லிவிட்டு நேராக அந்தக் கோயிலுக்கு நடந்துவிடுங்கள். பாலத்துக்கான நேரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பூ வாங்கிக்கொண்டு போங்கள்.