கோவையில் சூப்பர்சார்ஜர் கிட் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஹோண்டா சிட்டி காருக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) போட்டுத் தருகிறோம் என்று கோவையில் ஒரு கடை இன்ஸ்டாகிராமில் ரீல் மேல் ரீலாக விட்டுக்கொண்டிருக்கிறது. கடையின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, பேரை மட்டும் இழுக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொல்ல அவர் தடை போடவில்லை.

என்னுடையது 2012 மாடல் சிட்டி, 1.5 ஐ-விடெக், கம்பெனி கணக்கில் 118 பிஎஸ் சக்தி. மொத்தம் 3,60,000 ரூபாய் பேசினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் இருந்தது இது: புது இம்போர்ட்டட் கிட், பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை), ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங், டைனோ ரிப்போர்ட் (வண்டியை ரோலரில் ஓட்டி எடுக்கும் சக்தி அளவு), ஆர்சியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பதிவுச் சான்றில் ஏற்றுவது). "எல்லாம் எங்க பொறுப்புங்ண்ணா, நீங்க சாவிய குடுத்துட்டுப் போங்க, வண்டி பறக்கும்" என்றார் கடைக்காரர். கொட்டேஷனில் சொன்னதில் ஒன்றுகூட நிஜமில்லை என்பது இன்ஜினைப் பிரித்த பிறகுதான் வெளியே வந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டர்போ புகைக் காற்றால் சுற்றும். சூப்பர்சார்ஜர் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றுவது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான்: இன்ஜின் தானாக உறிஞ்சுவதைவிட அதிகக் காற்றை உள்ளே தள்ளுவது. எனக்குப் போட்டது 6 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம். அந்த அழுத்தத்தில் காற்று கணிசமாகக் கூடுதலாகப் போகும், அதற்குச் சமமாகப் பெட்ரோலும் கூட வேண்டும். இன்ஜெக்டரும் ஈசியு மேப்பும் (பெட்ரோல் அளவைச் சொல்லும் அட்டவணை) மாறாமல் ப்ளோயரை, அதாவது சூப்பர்சார்ஜரை, மட்டும் உட்கார வைத்தால் பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்துபோகும், நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) வரும், பிஸ்டன் போகும். அதாவது இந்த வேலையில் கண்ணுக்குத் தெரிகிற ப்ளோயர் சின்னச் செலவு. காசும் மூளையும் போவது கண்ணுக்குத் தெரியாத மற்ற வேலைகளில். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான தொழில் வேறு கிடையாது. பானெட்டைத் திறந்தால் பளபளவென்று ஒரு அலுமினியப் பெட்டி, வெளியே ஊய்ங் என்று சத்தம். அதற்கு மேல் யார் பார்க்கப் போகிறார்கள்?

வண்டி கைக்கு வந்ததும் நன்றாகத்தான் ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரம் ஆர்பிஎம்மிலேயே தள்ளியது. அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டும்போது ப்ளோயர் முழு அழுத்தத்துக்கு வரவே வராது. அதனால் கோளாறும் வெளியே தெரியாது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கதை வேறு. இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரை மிதித்தபடி, நிமிடக் கணக்கில் முழு லோடு. பாதி மலை ஏறியிருப்போம், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தால் நிற்கும், மிதித்தால் வரும். அப்புறம் பின்கண்ணாடியில் நீலப் புகை. கடைக்கு போன் போட்டேன். "புது கிட்ல அப்படித்தான் இருக்கும்ங்ண்ணா, செட்டாயிரும், ஓட்டுங்க" என்றார்கள். மேலே ஏற்றாமல் அங்கேயே நிறுத்தி, டோ பண்ணித் திருப்பூருக்குக் கொண்டுவந்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம்தான் விட்டேன், அந்தக் கடைக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் கீழே சொல்லும் எதுவும் என் கையில் இருந்திருக்காது.

அண்ணன் முதலில் கழற்றியது ஸ்பார்க் ப்ளக். மூன்றாவது சிலிண்டர் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவுக்கு மினுமினுவென்று புள்ளிகள். அது அழுக்கு இல்லை, பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்து ஒட்டிய அலுமினியம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தால் மற்ற மூன்றும் சரி, அது மட்டும் பாதிக்கும் கீழே. ஹெட்டை இறக்கி பிஸ்டனை எடுத்தபோது ரிங் உட்காரும் வரப்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்து காணாமல் போயிருந்தது. ப்ளக்கும் கம்பெனியில் வந்த அதே வெப்ப எண். பூஸ்ட் போட்ட இன்ஜினுக்கு ஒரு படி குளிர்ந்த (சூட்டைச் சீக்கிரம் கடத்தும்) ப்ளக் போடுவார்கள், சில ஆயிரம் ரூபாய்ச் செலவு. அதைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றினோம். நாலும் ஹோண்டாவோடு பிறந்தது. ஈசியுவைச் சென்னையில் ட்யூனிங் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினேன். உள்ளே இருந்த ஃபைலை எடுத்துக் கம்பெனி ஃபைலோடு வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு எண்கூட மாறவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ட்யூனிங்குக்கு என்று தனியாக என்னிடம் வாங்கியது 45,000.

இனி அந்தப் புது இம்போர்ட்டட் கிட். முன்பக்கம் பாலிஷ் போட்டு, புல்லி புதிதாக மாட்டி, பார்க்க ஜோராக இருந்தது. திருப்பினால் பின்மூடிக்கு நடுவே எதையோ செருகுவதற்கான ஒரு பொருத்து, உள்ளே கியர். சிட்டியில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. அண்ணனுக்கும் புரியவில்லை, சென்னைக்காரருக்குப் போட்டோ அனுப்பினோம். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: ஈட்டன் எம்45, மினி கூப்பர் எஸ் ஹேட்ச்பேக் காரில் 2006 வரை வந்தது. அந்தக் காரில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே சூப்பர்சார்ஜரின் பின்பக்கக் கியர்தான். அதற்கான வாய்தான் அது. மினி இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததே 2012-இல். ஆக, எங்கோ வெளிநாட்டில் அறுத்துப் போட்ட காரிலிருந்து வந்த சாமான். அந்தக் கியருக்கென்று உள்ளே தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். என்னுடையதில் பாதி வற்றி, மிச்சம் கறுத்து, திறந்த உடனே நாற்றம் மூக்கைத் துளைத்தது.

எம்45 நல்ல சாமான்தான், அதைக் குறை சொல்லவில்லை. பழையதை முறையாகச் சரிபார்த்துப் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மினியில் அதற்கு இன்டர்கூலர் (அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விப்பது) உண்டு, அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 8.3 (இது கூடக் கூட நாக்கிங் சீக்கிரம் வரும்). சிட்டியில் அது பத்துக்கும் மேல். எனக்கு இன்டர்கூலரே கிடையாது, "கம்மி பூஸ்ட்டுக்குத் தேவையில்லைங்ண்ணா" என்று முடித்துவிட்டார்கள். இந்த வகை ப்ளோயர் 6 பிஎஸ்ஐக்குக் காற்றை அமுக்கும்போது சூடு கிட்டத்தட்ட 50 டிகிரி ஏறும். 35 டிகிரி வெயிலில் உள்ளே போகிற காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். ஏற்கெனவே மெலிந்த கலவை, அதற்கு மேல் இந்தச் சூடு. நாக்கிங் வராமல் என்ன செய்யும்?

டைனோ ரிப்போர்ட்டைத்தான் நிறையப் பேர் நம்புகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கலர் பிரிண்ட், மேலே என் வண்டி நம்பர், 171 எச்பி. வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோது மூலையில் பொடி எழுத்தில் காற்றின் வெப்பம் 11 டிகிரி என்று இருந்தது. ஏப்ரல் மாதக் கோயமுத்தூரில்! அடுத்து, கோடு 7,600 ஆர்பிஎம் வரை போகிறது. என் வண்டி 7,000 தொடுவதற்கு முன்பே கட் ஆகிவிடும், லிமிட்டரை (ஆர்பிஎம் வரம்பை) யாரும் தொடவில்லை என்பதற்கு அந்த ஈசியு ஃபைலே சாட்சி. மூன்றாவது எல்லோருக்கும் உதவும். எச்பியையும் பவுண்ட்-அடியில் டார்க்கையும் (சுழற்று விசை) ஒரே அளவுகோலில் வரைந்தால் இரண்டு கோடும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டியே தீரும், கணக்கு அப்படி. பிஎஸ், நியூட்டன் மீட்டர் என்று வரைந்திருந்தால் இது பொருந்தாது. என் தாளில் எச்பி, பவுண்ட்-அடி என்றுதான் போட்டிருந்தது, ஒரே அளவுகோல்தான், ஆனால் கோடுகள் வெட்டியது 6,000-க்குப் பக்கத்தில். யாருடைய வண்டியின் தாளையோ எடுத்து, அதையும் நீட்டி வளைத்து, என் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட் வாங்கினால் தாளோடு நிற்காமல், உங்கள் வண்டி ரோலரில் ஓடுகிற வீடியோவை, மீட்டர் தெரிகிற மாதிரி, கேட்டு வாங்குங்கள்.

இத்தனையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு நேரில் போனேன். முதலில் "நீங்க ரேஸ் ஓட்டியிருக்கீங்க" என்றார் கடைக்காரர். ஈசியு ஃபைலைக் காட்டியதும் பேச்சு மாறியது. "கேஸ் போட்டா உங்க ஆர்சிதாங்ண்ணா போகும். வண்டிய மாத்துனது சட்டப்படி தப்பு, தெரியுமுங்களா?" ஆர்சி எண்டார்ஸ்மென்ட்டுக்கு என்று 18,000 வாங்கிய அதே வாய். ஆர்டிஓ ஆபீசில் விசாரித்தால் இப்படி ஒரு சூப்பர்சார்ஜரை ஆர்சியில் ஏற்றித் தருகிற வழக்கமே இல்லை என்றார்கள். என் பேரில் ஒரு விண்ணப்பம்கூட அங்கே போயிருக்கவில்லை.

அவர் மிரட்டியதில் சட்டம் இருப்பது உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றும் இருக்கிறது. இந்தத் தொழிலில் பணத்தைக் கறந்துவிட்டு வாரன்ட்டி கேட்டால் சட்டத்தைக் காட்டுவதுதான் வழக்கம் போலிருக்கிறது. நிறையப் பேர் இதற்குப் பயந்துதான் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.

வக்கீல் அதைக் கேட்டுச் சிரித்தார். பழையதைப் புதிது என்று விற்றதும், செய்யாத வேலைக்குக் காசு வாங்கியதும்தான் நம் புகார், அது நிற்கும் என்றார். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில்லில் "பெர்ஃபார்மன்ஸ் ஆக்சசரீஸ்" என்று ஒரே வரிதான் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இல்லை, பாதிப் பணம் அவர் மச்சானின் ஜிபே நம்பருக்குப் போயிருக்கிறது. ஆனாலும் கொட்டேஷன், வாய்ஸ் நோட் எல்லாம் வாட்ஸ்அப்பில் பத்திரமாக இருக்கிறது. அதுதான் இப்போது என் பக்கத்துக் காகிதம்.

வண்டியை லேத்தில் போர் பண்ணி (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் மாற்றி, பழையபடி சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நோட்டீஸ் போனதும் கடையிலிருந்து ஆள் விட்டார்கள்: ப்ளோயரைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு லட்சம் தருகிறோம், வழக்கை விட்டுவிடுங்கள் என்று. கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த மாதமே பாலிஷ் போட்டு இன்னொரு சிட்டியில் ஏற்றிவிடுவார்கள்.