புரோகிராமிங் தொடங்கும் பிள்ளைக்கு, நிரல் எழுத உதவும் ஈமேக்ஸ் என்ற எடிட்டரைக் கொடுக்கலாமா?

அறிவியல்நகர் பொறியியல் பீடத்திலோ பம்பைமடு வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ முதல் வருடம் படிக்கிறவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். உயர்தர ஐ.சி.ரி. பரீட்சை நெருங்கிவிட்ட பிள்ளைக்கு வேண்டாம். பைத்தன் மொழியோடு சேர்ந்து வரும் 'ஐடில்' எடிட்டரே போதும்.

இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். பயிற்சிப் பாடம் உள்ளேயே இருப்பதால் டேட்டா முடிந்தாலும் படிக்கலாம்: கொன்ட்ரோல்-எச், பிறகு தனியே டி. பாடம் ஆங்கிலத்தில்தான், பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

முதலில் தடுக்குவது கொன்ட்ரோல்-எஸ்ஸில். சேமிக்கும் என்று அழுத்தினால் தேடல் தொடங்கும். சேமிக்க, கொன்ட்ரோல்-எக்ஸ், கொன்ட்ரோல்-எஸ். எங்கே சிக்கினாலும் வெளியே வர கொன்ட்ரோல்-ஜி.

பைத்தனுக்கு, கொன்ட்ரோல்-சி, கொன்ட்ரோல்-பி நிரலை ஓட்டும் ஷெல்லைத் திறக்கும்; கொன்ட்ரோல்-சி இருமுறை அழுத்தினால் நிரல் அதற்குப் போகும். பலர் தலையைச் சொறிவது இங்கேதான்: பிழையும் வராது, விடையும் வராது. நிரலை நேரடியாக ஓட்டும்போது மட்டும் இயங்கும் 'இஃப் நேம் மெயின்' பகுதியை ஈமேக்ஸ் வேண்டுமென்றே விட்டுவிடுகிறது. முன்னால் கொன்ட்ரோல்-யூ சேர்த்தால் அதுவும் ஓடும்.

வன்னியில் இதன் பெறுமதி கரண்ட் போகும்போதுதான் தெரியும். 300 விசைத்தட்டுக்கு ஒருமுறையும், கை 30 விநாடியளவு சும்மா இருந்தாலும், தானாகப் பிரதி எடுத்து, பெயரின் இரு பக்கமும் ஹாஷ் குறி போட்ட கோப்பில் வைக்கும். கரண்ட் வந்ததும் மூலக் கோப்பைத் திறந்து, ஆல்ட்-எக்ஸ் அழுத்தி 'ரெகவர்-திஸ்-ஃபைல்' கட்டளையைக் கொடுங்கள். அனேகமாகக் கடைசிச் சில வரிகளே போயிருக்கும். ஹாஷ் கோப்பைக் குப்பையென்று அழித்தால் மீட்க ஒன்றுமிருக்காது. கோப்பாகப் பெயர் வைக்காமல் திறந்து தட்டும் பக்கத்துக்கு (பஃபர்) இந்தப் பாதுகாப்பு இல்லை, ஆகவே தட்டத் தொடங்குமுன் கோப்புக்குப் பெயர் வையுங்கள்.

விரும்பியபடி மாற்றலாம் என்பதுதானே ஈமேக்ஸின் பெருமை! அதற்காக சீனியர் அண்ணாவின் நீண்ட இனிட் கோப்பை (ஈமேக்ஸ் திறக்கும்போது வாசிக்கும் அமைப்புக் கோப்பு) பென்டிரைவில் வாங்கிப் போடாதீர்கள். எது உடைந்தது என்று தேடவே பொழுது போய்விடும். ஒவ்வொரு வரியாகச் சேர்த்து, மூடித் திறந்து பாருங்கள். ஒரு அடைப்புக்குறி குறைந்தாலே திறக்கும்போது எச்சரிக்கை வரும், கீழேயுள்ள வரிகள் வேலை செய்யாது. அப்போது ஈமேக்ஸைத் தொடங்கும் கட்டளையோடு '-கியூ' சேர்த்துத் திறந்தால் இனிட் இல்லாமல் வரும், திருத்தலாம். விண்டோஸில் இனிட்டை டொக்கியுமென்ட்ஸில் வைத்தால் ஈமேக்ஸ் கண்டுகொள்ளாது. ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டரில்தான் தேடும்.

நிரலுக்குள் தமிழில் கொமென்ட் (விளக்கக் குறிப்பு) எழுத, கொன்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தி, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் 'தமிழ்-ஐட்ரான்ஸ்' முறையைத் தெரிவுசெய்யுங்கள். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒரே அளவில்லை, நிரல் வரிக்குப் பக்கத்தில் போட்டால் கோணலாக நிற்கும். தனி வரியில் எழுதுங்கள்.