திருமண நாள் சாப்பாடு: நெல்லை மொட்டை மாடியா, பெங்களூரு ஜாஸ் கிளப்பா?

திருமண நாள் என்றால் எங்கள் வீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும்தான். அதை விட்டுவிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே வெளியே சாப்பிடலாம் என்று இரண்டு வருடமாக ஒரு ஆசை. போன வருடம், பாளையங்கோட்டை வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகிற ஓட்டல் மொட்டை மாடி. இந்த வருடம் ராத்திரி ரயில் ஏறி பெங்களூரு போய், சாப்பாட்டோடு மேசை போடுகிற ஒரு சின்ன ஜாஸ் கிளப்.

செலவில் போட்டியே இல்லை. கிளப்பில் டிக்கெட் தனி, சாப்பாடு தனி. ரயிலும் அறை வாடகையும் சேர்ந்தால் மாடியைப் போல ஐந்து மடங்கு. ருசியிலும் மாடிதான். பரோட்டாவுக்கும் நாட்டுக்கோழிக்கும் பழகின நாக்கு, பாஸ்தாவுக்கு எவ்வளவு தூரம்தான் வளைந்து கொடுக்கும்? ஆடி மாதம் என்றால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வேறு.

இருந்தும் நான் கிளப் பக்கம்தான். காரணம் சத்தம்.

மாடியில் ஒருவர் கீபோர்டு, ஒருவர் பாட்டு, மற்ற வாத்தியமெல்லாம் டிராக்கில் ஓடும். ஆள் உயர ஸ்பீக்கர் எங்கள் மேசையிலிருந்து நாலு அடி. சர்வர் காதோரம் குனிந்துதான் ஆர்டர் எடுத்தார். சிக்கன் 65 கேட்டோம், காளான் 65 வந்தது. நடுநடுவே பிறந்த நாள் வாழ்த்து வேறு. நானும் மனைவியும் பேசிக்கொண்டது பில் வந்த பிறகு, லிஃப்டில்.

கிளப்பில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். பியானோ, பாஸ் என்கிற கனத்த குரல் கம்பி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே பேர். ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்துவிட்டு, ஆளுக்கு ஒரு முறை அதை மனோதர்மத்தில், அந்த நேரத்துக் கற்பனைக்கு ஏற்ப விரித்து, கடைசியில் மெட்டுக்கே திரும்புகிறார்கள். கச்சேரியில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் கேட்ட காதுக்குப் பிடிபட அதிக நேரம் ஆகாது. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தோலின் மேல் வட்டமாகத் தேய்த்தார். "ஏங்க, முறத்துல அரிசி கொழிக்க மாதிரி இல்ல?" என்றாள் அவள். அதேதான். அவள் அதைக் கிசுகிசுப்பாகச் சொன்னாள், எனக்கும் கேட்டது. பாஸ் தனியாக வாசித்த நேரத்தில், தட்டோடு வந்த பையன் பாதி வழியில் தூணோரம் நின்றுவிட்டான். அது முடிந்து கைதட்டல் வந்த பிறகுதான் எங்கள் மேசைக்கு நகர்ந்தான்.

சாப்பாடும் இப்படிப்பட்ட இசையும் ஒத்துப்போகுமா என்பது பழைய சண்டைதான். நியூயார்க்கில் 1935 முதல் நடக்கிற வில்லேஜ் வேன்கார்டு என்ற நிலவறைக் கிளப்பில் சாப்பாடே கிடையாது, குடிக்க மட்டும்தான். 1961 ஜூன் 25 அன்று ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு அங்கே வாசித்ததைப் பதிவு செய்தார்கள். அதில்கூடக் கண்ணாடி டம்ளர் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். அறைக்குள் நாமும் இருக்கிற மாதிரி இருக்கும்.

நான் போனது ஒரே ஒரு கிளப், ஒரே ஒரு இரவு. டிரம்பெட், சாக்சபோன் என்று ஏழெட்டுப் பேர் மேடை ஏறினால் இந்த நியாயம் நிற்குமோ என்னவோ. சின்னப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், மொட்டை மாடிதான். குழந்தை அழுதாலும் அங்கே ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கிளப் என்று முடிவு செய்தால், முதல் செட், அதாவது கச்சேரியின் முதல் பகுதி, தொடங்குமுன் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கத்தியால் அறுத்துத் தின்கிற அயிட்டம் வேண்டாம். மேசை பதிவு செய்யும்போதே சமையலறைக் கதவுப் பக்கம் தராதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டோம். முதல் செட்டில் பாதியைப் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடுதான் கேட்டோம்.