டிசம்பர் லீவு ஒர்க்‌ஷாப்: தாங் யுவானுக்கு ஃபுல் மார்க், மத்ததுக்கு பாதி

போன டிசம்பர் லீவுல எம் பொண்ண சிங்கப்பூர்ல செங்காங் பக்கம் ஒரு என்ரிச்மென்ட் சென்டர்ல மூணு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புனேன். உலக நாடுகளோட குளிர்காலப் பண்டிகைகள பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறாங்களாம், 6லேர்ந்து 9 வயசு வரைக்கும். சென்டர் பேரு வேணாம், நல்லதும் இருந்துச்சு கடுப்பாவும் இருந்துச்சு. இந்த வருஷத்துக்கும் விளம்பரம் வர ஆரம்பிச்சுருச்சு, இதே மாதிரி வேற சென்டர்லயும் நடத்துறாங்க, அனுப்பலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

காச மொதல்ல சொல்லிடுறேன். 165 வெள்ளி, காலைல 9:30லேர்ந்து 12:30. மொத நாள் கொண்டு விடப் போனா கவுன்டர்ல "மெட்டீரியல் ஃபீ 15 வெள்ளி, பேநவ் பண்ணிடுங்க"ன்னாங்க. ரெஜிஸ்டர் பண்றப்ப இதப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளை பைய மாட்டிக்கிட்டு உள்ள ஓடியாச்சு, இனிமே போயி என்னத்த சண்ட போடுறது, கட்டிட்டேன். ரசீது ஈமெயில்ல வரும்னாங்க.

மொத நாள் ஆரம்பம் உண்மையிலேயே சூப்பர். டீச்சர் ஒரு குளோப், ஒரு டார்ச் லைட்ட வச்சு பூமி 23.5 டிகிரி சாஞ்சு சுத்துது, அதனால டிசம்பர்ல வடக்குப் பக்கம் வெயில் கொறஞ்சு பகல் சின்னதாயிடுது, 21 இல்ல 22 தேதி வாக்குல ராத்திரிதான் ரொம்ப நீளம், அதுக்கப்புறம் பகல் திரும்ப வளர ஆரம்பிக்கும், அதான் இத்தன ஊருல இதே சமயத்துல வெளக்கு ஏத்துறாங்கன்னு செஞ்சு காட்டியிருக்காங்க. எம் பொண்ணு கை தூக்கி "எனக்கு டெய்லி இருட்டுலதான் ஸ்கூல் பஸ் வருது, அப்ப டெய்லி விண்டரா"ன்னு கேட்டாளாம். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிதான் தள்ளி இருக்கு, வருஷம் பூரா ஏழு மணி வாக்குலதான் விடியும், ஏழு மணி வாக்குலதான் இருட்டும், அத டீச்சர் குளோப்லயே விரல வச்சு காட்டிட்டாங்க. இந்த ஒரு மணி நேரத்துக்கே பாதிக் காசு குடுக்கலாம்.

அதுக்கப்புறம் ஸ்வீடன்ல டிசம்பர் 13 அன்னிக்கு கொண்டாடுற லூசியா. வெள்ள கவுனு, தலைல மெழுகுவத்தி கிரீடம், குங்குமப்பூ போட்ட பன்னு. பழைய காலண்டர்படி அந்த ராத்திரியத்தான் ரொம்ப நீளம்னு நெனச்சாங்களாம். காகிதக் கிரீடம் செஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா, இப்பவும் ஃபிரிட்ஜு மேல இருக்கு.

ரெண்டாவது நாள்தான் சறுக்குச்சு. ஹனுக்காவ "யூதர்களோட கிறிஸ்மஸ்"னு சொல்லிக் குடுத்துருக்காங்க. என்னங்க இது, நம்ம தீபாவளிய யாராச்சும் "இந்தியர்களோட சீனப் புத்தாண்டு"ன்னா நமக்கு எப்படி இருக்கும்? அது ஜெருசலேம் கோயில மீட்டு திரும்ப சுத்தப்படுத்துனத நெனச்சு எட்டு ராத்திரி வெளக்கேத்துறது. எண்ணெய வச்சு வந்த கதைங்குறதால எண்ணெயில பொரிச்ச பலகாரம்தான் சாப்பாடு, இத ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் புரிய வைக்க ரொம்ப மெனக்கெடவே வேணாம். டிஷ்யூ ரோல்ல வெளக்குத் தண்டு செஞ்சாங்க, பாத்தா ஏழு கிளைதான் இருக்கு. ஹனுக்காவுக்கு ஒம்போது வேணும், ராத்திரிக்கு ஒண்ணா எட்டு, மத்தத ஏத்துறதுக்கு ஒண்ணு. வீட்டுல ரெண்டு ரோல ஒட்டி நானே சரி பண்ணேன் (டிஷ்யூ காலியாகுறதுக்கு காத்திருந்தது தனிக் கதை).

ஆனா அந்த நாலு பக்கப் பம்பரம் விளையாட்டு இருக்கே, ட்ரேடல், அதுல பிள்ளைங்க கிறுக்காயிட்டாங்க. சுத்தி விட்டா ஒரு எழுத்துக்கு ஒண்ணும் கெடைக்காது, ஒண்ணுக்கு மொத்த சாக்லேட் காசும் நமக்கு, ஒண்ணுக்குப் பாதி, இன்னொண்ணு விழுந்தா நம்ம கையிலேர்ந்து ஒண்ணு போடணும். எங்க வீட்டுல இப்ப யாரு தட்டு கழுவுறதுன்னு முடிவு பண்றதே அதுதான். எனக்கு இன்னொரு ஆதங்கம், நாம கிருஷ்ணன் கோயிலுக்குப் போற அதே வாட்டர்லூ ஸ்ட்ரீட்ல 1878லேர்ந்து ஒரு யூதக் கோயில் இருக்கு, பக்கத்துலயே சீனங்க நெரிசலா வர்ற குவான் இம் கோயில். அந்தத் தெருவோட ஒரு போட்டோ காட்டியிருந்தாக்கூட இது எங்கயோ பனி பெய்யுற ஊரு சமாச்சாரம் இல்லன்னு பிள்ளைங்களுக்கு உறைச்சிருக்கும்.

க்வான்ஸாவுக்கு வெறும் கலரிங் தாள். அதுல "ஆப்பிரிக்கா நாட்டுப் பண்டிகை"ன்னு தலைப்பு. ஆப்பிரிக்கா ஒரு நாடே இல்ல, அத விடுங்க, க்வான்ஸா 1966ல அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல, கறுப்பின மக்களுக்காக மவுலானா கரெங்கா ஆரம்பிச்சது. டிசம்பர் 26லேர்ந்து ஜனவரி 1 வரைக்கும் ஏழு நாள், ஏழு மெழுகுவத்தி, நடுவுல கறுப்பு ஒண்ணு, செவப்பு மூணு, பச்சை மூணு. எம் பொண்ணு எல்லாத்துக்கும் பிங்க் அடிச்சு வச்சிருந்தா, யாரும் எதுவும் சொல்லல போல.

மூணாவது நாளுக்கு வர்றேன். அன்னிக்கு டோங் ஜி, சீனங்களோட குளிர்காலத் திருநாள். டீச்சர் ஒதுங்கிக்கிட்டு ஹெல்ப்பர் ஆன்ட்டிகிட்ட விட்டுட்டாங்க. அறுபது வயசு இருக்கும், பாதி மாண்டரின் பாதி சிங்லிஷ். ஸ்லைடு கிடையாது, தாள் கிடையாது, ஒரு பெரிய பேசின்ல புலுட் அரிசி (ஒட்டுற அரிசி) மாவு, சுடுதண்ணி, அவ்வளவுதான். 14 பிள்ளைங்களும் மாவப் பிசைஞ்சு, கலர் சேத்து உருட்டிப் போட்டுருக்காங்க, அதுதான் தாங் யுவான், உருண்டை மெதந்து மேல வந்தா வெந்துருச்சுன்னு அர்த்தம், உருண்டையா இருக்குறது குடும்பம் ஒண்ணு கூடுறதுக்கு, இத சாப்புட்டா ஒரு வயசு கூடிடுச்சுன்னு அர்த்தம்னு ஆன்ட்டி சொல்லிக்கிட்டே இஞ்சியும் பண்டான் இலையும் போட்ட சக்கரைத் தண்ணியில ஊத்திக் குடுத்துருக்காங்க. கூட்டிட்டு வரப் போனப்ப எனக்கும் ஒரு கப் நீட்டுனாங்க. எம் பொண்ணு குரலத் தாழ்த்தி, "அம்மா இது நம்ம பால் கொழுக்கட்டதானே, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா"ன்னா. எனக்கு சிரிப்ப அடக்க முடியல. ஆன்ட்டிகிட்ட சொன்னேன், அவங்க "நீங்க தேங்காப் பால்லயா போடுறீங்க"ன்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ரெசிப்பி பேசிக்கிட்டு நின்னோம், வெளிய மழை வேற கொட்டுது.

அதே நாள் கடைசியில ஈரானோட யல்டா ராத்திரிக்கு மாதுளம்பழமும் தர்பூசணியும் வெட்டிக் குடுத்துருக்காங்க, நீளமான ராத்திரில குடும்பமா முழிச்சிருந்து பழம் சாப்பிட்டுக் கவிதை படிப்பாங்களாம். சின்னதா முடிச்சாலும் நல்லா இருந்துச்சு.

என்னோட பெரிய குறை கடைசியா. எம் பொண்ணு "எங்களோடது எது"ன்னு கேட்டுருக்கா. டீச்சர் பட்டுன்னு "தீபாவளி"ன்னுட்டாங்க. தீபாவளி அக்டோபர் நவம்பர்லயே முடிஞ்சுடும், அதுவும் அமாவாசைக் கணக்கு. மூணு நாளா சூரியன் திரும்புறதப் பத்திப் பாடம் எடுத்துட்டு, சூரியன் வடக்க திரும்புறதக் கொண்டாடுற பொங்கலப் பத்தி ஒரு வார்த்தை வரலன்னா எப்படி? ஒர்க்‌ஷாப் நடந்தப்ப மார்கழியும் பொறந்தாச்சு, சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல விடியக்காலைல பாசுரம் ஓடிக்கிட்டிருக்கு. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) எம்ஆர்டி ரயில்ல அரை மணி நேரம்கூட ஆகாது. டீச்சர மட்டும் குத்தம் சொல்ல முடியாது, தெரியலன்னா பெத்தவங்கள முன்னாடியே கேட்டுருக்கலாம், நான் வெல்லமும் பானையும் கொண்டு போயி நின்னுருப்பேன்.

சனிக்கிழமை அவள எழுப்பிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். முழுசா விடியல, வாசல்ல வெண்பொங்கல் தொன்னைய கையில வச்சுக்கிட்டு "இப்பதான் விண்டர் மாதிரி இருக்கு"ன்னா. டெம்பரேச்சர் 25 இருக்கும்.

திரும்ப அனுப்புவேனான்னா, அந்த ஆன்ட்டி இருந்தா அனுப்புவேன். புக் பண்றதுக்கு முன்னாடி மூணு நாள் ஷெட்யூல எழுத்துல கேளுங்க, கையால செய்யுறது எவ்வளவு கலரிங் தாள் எவ்வளவுன்னு கேளுங்க, பாட்டில், டிஷ்யூ ரோல் எல்லாம் நீங்களே சேத்து வையுங்க. அந்த 15 வெள்ளி ரசீது இன்னும் வரல.