குளிர்காலம் முழுக்க ஓடுவது: சில வருடப் பழக்கத்தில் நிலைத்தவை, விலகியவை

குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் மாதங்களிலும் வெளியே ஓடுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன போட்டுக்கொண்டு ஓடுவீர்கள்?" பல குளிர்காலங்களை ஓடியே கடந்தபின் எனக்குத் தோன்றுவது, உடைப் பிரச்சினை சீக்கிரமே தீர்ந்துவிடும். ஓடும் பழக்கம் அறுந்துபோவது பெரும்பாலும் ஈரத்தாலும் வழுக்கலாலும் இருட்டாலும்தான். எந்தப் பொருள் பல குளிர்காலம் தாங்கியது, எது ஒன்றிரண்டு மாதத்திலேயே அலமாரிக்குப் போனது என்பதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன்.

உடையை முதலில் முடித்துவிடுவோம். ஓடும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதனால்தான் ஓட்டக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு: வெளியே உள்ளதைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்த வேண்டும். நிதானமான ஓட்டத்துக்கு இந்தக் கணக்கு எனக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. 5 டிகிரியில் முழுக்கை பனியன் ஒன்று போதும். பூஜ்ஜியத்தை ஒட்டி இரண்டு அடுக்கு. மைனஸ் 10-ஐ நெருங்கும்போது அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். வாசலைத் தாண்டியதும் குளிர வேண்டும். அந்த நடுக்கம் பத்து நிமிடத்தில் போய்விடும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பாதி வழியில் வியர்வையில் நனைந்துவிடுவோம், அதன்பின் கால் சற்றுத் தளர்ந்தாலும் அந்த ஈரமே உடம்பைச் சில்லிட வைக்கும்.

பருத்தியை உடலோடு ஒட்டிய அடுக்கில் போடவே கூடாது. அது வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. எஞ்சியவை பாலியஸ்டரும் மெரினோ கம்பளியும். இரண்டையும் நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். மெரினோ நூலிழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்த பிறகும் கொஞ்சம் சூடு காக்கும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குத் துவைக்காமல் போட்டாலும் நாற்றம் இல்லை. குறை அதன் ஆயுள். இடுப்பில் பெல்ட் உரசும் இடத்திலும் அக்குளிலும் மெலிந்து ஓட்டை விழுகிறது. பாலியஸ்டர் கிழிவதில்லை, ஆனால் நாற்றம் இழைக்குள் ஏறிக்கொண்டு துவைத்தாலும் முழுக்கப் போகாது. வாரத்தில் பலமுறை ஓடுபவர்களுக்கு நான் சொல்வது: நீண்ட, நிதானமான ஓட்டத்துக்கு மெரினோ, வேகமாக ஓடி வியர்த்துக் கொட்டும் நாளுக்குப் பாலியஸ்டர். இரண்டையுமே துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவையுங்கள். அது இழைமேல் படலமாகப் படிந்து, ஈரத்தைக் கடத்தும் தன்மையைக் கெடுத்துவிடும்.

ஜாக்கெட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முழுக்க நீர்புகாத ஜாக்கெட் உறைகுளிரில் ஓடுவதற்கு ஏற்றதல்ல. மழைக்கும் ஈரப்பனிக்கும் சரி. உலர்ந்த குளிரில் வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் உள்பக்கமே படிந்து உறைந்துவிடுகிறது. கழற்றி உதறினால் வெள்ளைத் தூளாகக் கொட்டும். முன்பக்கம் மட்டும் காற்றைத் தடுத்து, முதுகுப் பக்கம் மூச்சுவிடும் துணி வைத்த மெல்லிய ஜாக்கெட்தான் என்னிடம் மிக அதிகம் உழைத்தது. கழுத்துவரை ஜிப் இருப்பது அவசியம். ஓட்டத்தின் நடுவே சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் இருக்கும் ஒரே வழி அந்த ஜிப்தான்.

காற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வானிலைச் செயலியில் பலரும் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். காற்றும் சேரும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று கணிப்பதுதான் காற்றுக்குளிர். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்படும் காற்றுக்குளிர் சூத்திரம் 2001-இல் வந்தது. அதன்படி மைனஸ் 10 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 18 போல இருக்கும். அந்தச் சூத்திரம் நடக்கும் ஒருவரைக் கணக்கில் வைத்து உருவானது. ஓடுபவருக்கு அவர் வேகமும் சேர்ந்துகொள்ளும். மணிக்குப் பத்து கிலோமீட்டரில் எதிர்காற்றில் ஓடினால் முகத்தில் அறைவது 30 கிலோமீட்டர் காற்று. அதே பாதையில் திரும்பி ஓடினால் முதுகில் படுவது 10 தான். அதனால் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று பாதையை அமைத்துக்கொள்கிறேன். உடம்பு இன்னும் உலர்ந்திருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். தலைகீழாகப் போனால், பின்காற்றில் நன்றாக வியர்த்துவிட்டு, நனைந்த உடையோடு காற்றை எதிர்கொள்ள வேண்டிவரும். குளிர்காலப் பழக்கம் எனக்கு நிலைத்ததற்கு எந்த உடையையும்விட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவியது என்று உறுதியாகச் சொல்வேன்.

கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் வகைதான் சூடு காக்கிறது. காதை மூடும் பட்டையோ தொப்பியோ வேண்டும். ஆனால் உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்று சொல்வது உண்மையல்ல.

இனி காலடி. ஷூவின் அடிப்பகுதியில் உள்ள பஞ்சு பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பொருளால் ஆனது. குளிரில் அது இறுகிவிடும். கோடையில் மெத்தென்று இருந்த அதே ஷூ மைனஸ் 10-இல் பலகைபோல இருக்கும். டிபியு, பெபா போன்ற பொருள்களால் ஆன பஞ்சு குளிரில் அவ்வளவாக மாறுவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் குளிர்காலத்துக்கு ஷூ வாங்கும்போது இதை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். ஷூவை இரவெல்லாம் குளிர்ந்த வராந்தாவில் விடாமல் அறைக்குள் வைத்திருப்பதும் முதல் சில கிலோமீட்டருக்கு உதவும். மேல்துணியில் நீர்புகாத சவ்வு வைத்த ஷூ ஆழமில்லாத ஈரப்பனிக்கு நல்லது. கணுக்கால்வரை பனி இருந்தாலோ, தண்ணீர் மேல்வழியாக உள்ளே போய்விட்டாலோ, வெளியே வர வழியில்லாமல் தேங்கி நிற்கும். அத்தகைய நாளில் சாதாரண ஷூவும் கம்பளி சாக்ஸும் மேல்.

வழுக்கலில் மூன்று தரம் உண்டு, மூன்றுக்கும் ஒரே ஷூ ஒத்துவராது. புதிதாக விழுந்து மிதிபடாத பனியில், ஆழமான பள்ளங்கள் கொண்ட மலைப்பாதை ஷூ நன்றாகப் பிடிக்கும். மிதிபட்டு இறுகிய பனியில் அதுவே தடுமாறும். உருகி மீண்டும் உறைந்து, மேலே தண்ணீர்ப் படலம் நிற்கும் பனிக்கட்டியில் எந்த ரப்பரும் பிடிக்காது. உலோகப் பல் வேண்டும். என்னிடம் இரண்டு வகை இருக்கிறது: ஷூவின் மேல் ரப்பர் வளையமாக மாட்டும் சங்கிலிப் பல், அடிப்பாகத்திலேயே கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன சிறு முளைகள் பதித்த ஷூ. சங்கிலிப் பல்லின் பிடி அபாரம், ஆனால் தரை வெறுமையாக உள்ள இடங்களில் அதோடு ஓடினால் பாதம் வலிக்கும். ரப்பரும் குளிரில் நீண்டு சுருங்கி ஓரிரு குளிர்காலத்தில் விரிசல் விடும். பனியும் வெறுந்தரையும் மாறி மாறி வரும் பாதைக்குக் கார்பைடு முளைதான் சரி. அந்த முளைகள் இத்தனை காலமாகியும் பெரிதாகத் தேயவில்லை, அவற்றைச் சுற்றிய ரப்பர்தான் தேய்ந்தது.

சாலையில் உப்புத் தூவியிருந்தால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். சாதாரண உப்பு மைனஸ் 9 அல்லது 10-க்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. கடுங்குளிரில் கருமையாக, ஈரச் சாலைபோலப் பளபளக்கும் இடம் பெரும்பாலும் பனிக்கட்டிதான். அங்கே அடியைச் சிறிதாக்கி, கால் உடலுக்கு நேர் கீழே விழும்படி ஓடுவதே வழி. வேகம் குறையும், குறையட்டும். குளிர்காலத்தில் நான் கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்குக்கு மாறிவிட்டேன். நாற்பது நிமிடம் என்றால் நாற்பது நிமிடம். எவ்வளவு தூரம் என்பதைப் பனி முடிவு செய்யும்.

இருட்டுக்கு வருவோம். தலையில் கட்டும் விளக்கு பொதுவாக நன்றாக இருக்கிறது, ஆனால் பனி பெய்யும்போதும் மூடுபனியிலும் ஒளி கண்ணுக்கு நேரே திரும்பி அடித்துச் சுவர் எழுப்பிவிடும். அதே விளக்கை இடுப்பில் கட்டினால் தரையின் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். பனிக்கட்டியும் பனியும் இருக்கும் பாதையில் நான் இடுப்பு விளக்கையே நம்புகிறேன். வண்டி ஓட்டுபவருக்கு நம்மைத் தெரிய வேண்டும் என்றால், மார்பில் ஒளிரும் பட்டை அணிவதைவிடக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் அணிவது சிறந்தது. அசையும் புள்ளிகளைப் பார்த்ததும் அது மனிதர் என்று கண் உடனே புரிந்துகொள்ளும். லித்தியம்-அயன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். செல்பேசியை வெளிப் பையில் வைத்தால் பாதிச் சார்ஜில்கூட அணைந்துவிடலாம். உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள். வீடு திரும்பியதும் உறைந்த கருவியை உடனே சார்ஜில் போட வேண்டாம், பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் பேட்டரிக்கு நிரந்தரச் சேதம் வரும். மணிக்கட்டு வாட்ச் காட்டும் இதயத்துடிப்பையும் கடுங்குளிரில் நம்ப முடியாது. தோலில் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் அதன் ஒளி உணரிக்குச் சரியான தகவல் கிடைப்பதில்லை. மார்புப் பட்டை இந்தச் சிக்கலில் மாட்டாது.

மூச்சு பற்றிப் பலருக்கும் பயம் இருக்கிறது. நுரையீரல் உறைந்துபோகும் என்று அஞ்சத் தேவையில்லை, காற்று மூக்கையும் தொண்டையையும் கடக்கும்போதே சூடாகிவிடும். சிக்கல் வறட்சியில். குளிர்ந்த காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. வேகமாக மூச்சிழுக்கும்போது மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்கி இருமலும் இழுப்பும் வரலாம். வாயையும் மூக்கையும் தளர்வாக மூடும் கழுத்துத்துணி மூச்சோடு வெளியேறும் ஈரத்தை நமக்கே திருப்பித் தரும். அது நனைந்து விறைத்துவிடும் என்பதால் நீண்ட ஓட்டத்துக்கு மாற்று ஒன்றை உள்ளே சொருகி வைப்பேன். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். அவர்களுக்கு நிதானமாகக் கூட்டிச் செல்லும் வார்ம்-அப் மிக முக்கியம். நானும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கால் அசைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஓட்டம் முடிந்த பிறகான கால் மணி நேரத்தை யாரும் பேசுவதில்லை. நின்றதும் வெப்ப உற்பத்தி சட்டென்று விழுகிறது, ஈர உடை மட்டும் மிஞ்சும். வாசலில் நின்று பேசாமல், வாட்சைப் பார்க்காமல், முதலில் மேல் உடை முழுவதையும் மாற்றிவிட வேண்டும். குளிரில் தாக உணர்வு மந்தமாகிவிடும் என்பதால் தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

ட்ரெட்மில்லை நான் வெறுக்கவில்லை. வெளியே ஓடுவதற்கு நிகரான உழைப்பு வேண்டும் என்றால் 1 சதவீத ஏற்றம் வைக்கச் சொல்லும் வழக்கம் 1996-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து தொடங்கியது. நிதான வேகத்தில் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இரண்டு வாரம் முழுக்க ஓடாமல் இருந்தாலே உடலின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் இறங்கத் தொடங்கும். அதனால் வெளியே போக முடியாத வாரத்தில் ட்ரெட்மில்லோ படிக்கட்டோ ஏதோ ஒன்று வேண்டும்.

எந்த நாளில் வெளியே போக மாட்டேன் என்பதும் இப்போது தெளிவாக இருக்கிறது. காற்றுக்குளிர் எண் மைனஸ் 28-ஐத் தொட்டால் மறைக்காத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையக்கூடும், அன்று வீட்டுக்குள்தான். விழுந்த இடத்திலேயே உறையும் உறைமழை பெய்யும் நாளும் அப்படியே, வெப்பநிலை எதுவானாலும். ஓடும்போது கன்னமோ மூக்கு நுனியோ வெளுத்து மரத்துப்போனால் ஓட்டத்தை அங்கேயே முடித்துக் கூரைக்குள் போய்விட வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளங்கைச் சூட்டை வைத்தால் போதும். மரத்தது தெளியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த குளிருக்கு முன் மாற்ற வேண்டியவை இரண்டு: சங்கிலிப் பல்லின் விரிசல் விட்ட ரப்பர் வளையம், இடுப்பில் ஓட்டை விழுந்த மெரினோ பனியன். ஜாக்கெட்டும் கார்பைடு முளை ஷூவும் இன்னும் ஒரு குளிர்காலமாவது ஓடும்.