இலவச அனலாக் சிந்த் பிளகின்கள்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

"பழைய அனலாக் சிந்த் மாதிரி ஒலிக்கும் இலவச பிளகின் எது?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். சிந்த் என்றால் மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் கருவி, பிளகின் என்றால் கணினியில் பாட்டமைக்கும் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள். வேறு நாளாக இருந்தால் மூன்று பெயர் சொல்லி முடித்திருப்பேன். அவர் கேட்ட அன்றுதான் ஆறு வருடத்துக்கு முந்தைய என் பாட்டு ஒன்றைத் திறந்து, பேஸ் டிராக் (தாழ்ந்த சுரங்களுக்கான பகுதி) மட்டும் சத்தமே இல்லாமல் கிடப்பதைப் பார்த்திருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ் என்ற பழைய சிந்தைப் போலச் செய்த பிளகின் ஓபி-எக்ஸ்டி, அது இல்லாத ஒரு பாட்டுகூட என்னிடம் இல்லை. 1979-ல் வந்த ஓபர்ஹைம் ஓபி-எக்ஸில் ஒவ்வொரு குரலுக்கும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும்) தனித்தனி சர்க்யூட் போர்டு, எந்த இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் அதில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) அழுத்தினால் நாலைந்து பேர் சேர்ந்து பாடுவது போல இருக்கும். ஓபி-எக்ஸ்டியில் இதற்கென்றே ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள்: எட்டுக் குரலுக்கும் தனித்தனி பேன் நாப் (ஒலியை இடம் வலமாக நகர்த்தும் திருகு), அதோடு ஃபில்டர் (ஒலியின் ஒரு பகுதியை வடிகட்டுவது), என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் விதம்), போர்ட்டமென்டோ (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவது) மூன்றும் குரலுக்குக் குரல் எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நாப். பிரீசெட்டுகளை (ஆயத்த ஒலிகளை) புரட்டிவிட்டு "சுமார்" என்று மூடிவிடுகிறவர்கள் இந்த மூலையைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து ஒரு பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) வாசியுங்கள், தட்டையாக இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றையும் கால்வாசி திருப்பி, பேனை இடமும் வலமுமாகக் கலைத்துவிட்டு அதே கார்டை வாசியுங்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பேஸுக்கு மட்டும் இதெல்லாம் வேண்டாம், அடிப்பகுதி கலங்கிவிடும்.

இன்னொன்று டால்-கோரஸ்-எல்எக்ஸ். இது சிந்த் இல்லை, 1982-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 சிந்தின் கோரஸ் (ஒலியைப் பல மடங்காக்கித் தடிமனாக்கும் எஃபெக்ட்) மட்டும். அந்த ஜூனோவில் குரலுக்கு ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர் ஒன்றே ஒன்றுதான், சுருதியை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தியதால் அது அலையவும் அலையாது. அந்தக் கனமெல்லாம் கோரஸிலிருந்து வந்தது. மெலிந்து கிடக்கும் எந்த சா வேவ் (ரம்பப் பல் வடிவ ஒலி அலை) மேலும் இதைப் போட்டு முதல் பொத்தானை அழுத்தினால் போதும். டைரெல் என்6 என்ற சிந்த் பிளகினும் ஜூனோவை மனதில் வைத்துச் செய்ததுதான், நன்றாக இருக்கும், சிபியூவைக் கொஞ்சம் தின்னும்.

சரி, அந்த பேஸ் டிராக். அது வேறொரு இலவச பிளகின், பெயர் வேண்டாம். ஒரே ஆள் செய்தது, 32 பிட்டில் மட்டும் வந்தது. கணினியை மாற்றியதும் ஹோஸ்ட் (பிளகினைத் திறக்கும் பாட்டு மென்பொருள்) அதைக் கண்டுகொள்வதே இல்லை, அது 64 பிட். பிரிட்ஜ் (32 பிட் பிளகினை 64 பிட்டில் ஓட்ட உதவும் இணைப்பு) போட்டுப் பார்த்தேன், ஒரு தடவை திறந்தது, சேமிக்கும்போது விழுந்துவிட்டது. பாட்டின் மிடி (எந்த சுரம் எப்போது என்ற குறிப்பு) அப்படியே இருக்கிறது, கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டும் இடத்தை) நான் கையால் ஏற்றி இறக்கிய கோடுகளும் இருக்கின்றன, ஒலி மட்டும் இல்லை. காசு வாங்காமல் தன் ராத்திரிகளைச் செலவழித்துச் செய்து கொடுத்தவரிடம் "ஏன் 64 பிட் போடவில்லை" என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, அது தெரியும். ஆனாலும் கோபம் போகவில்லை. குறைந்தபட்சம் சோர்ஸ் கோடை (பிளகினின் நிரலை) வெளியே விட்டிருக்கலாம். ஓபி-எக்ஸ்டி ஒருவர் தனியாக எழுதியதுதான், ஆனால் சோர்ஸ் கோடு திறந்திருந்தது. அதனால் அவருக்குப் பிறகும் வேறு கைகள் அதை எடுத்துக்கொண்டன, அதிலிருந்து ஓபி-எக்ஸ்எஃப் என்று இன்னொரு இலவச பிளகினே கிளைத்து வந்திருக்கிறது. இலவசத்தில் எதை எடுக்கிறீர்களோ, ஒலியைக் கேட்பதற்கு முன் சோர்ஸ் கோடு திறந்திருக்கிறதா, 64 பிட் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படியானாலும் பாட்டு முடிந்த அன்றே எல்லா டிராக்கையும் ஆடியோவாக எடுத்து வையுங்கள். அதைச் செய்யாததுதான் நான் விட்ட தப்பு.

நண்பருக்கு என்ன சொன்னேன்? இவ்வளவு புகழ்ந்த பிறகும், "முக்கியமான பாட்டு என்றால் இலவசத்தை நம்பாதே" என்றுதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு வேறு பதில் வரவில்லை.

அந்த பேஸை ஓபி-எக்ஸ்டியில் திரும்ப உருவாக்கினேன், குரல் விலகல்களை எல்லாம் பூஜ்யத்தில் வைத்து, ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டும் இடத்தை அழுத்திக் காட்டுவதை) கொஞ்சம் ஏற்றி. கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் சரணத்துக்கு முன்னால் ஃபில்டர் மூடும் இடத்தில் பழையதில் ஒரு உறுமல் இருக்கும், அது மட்டும் இன்னும் சிக்கவில்லை.