சுருட்டுவதா, விரித்து வைப்பதா? பெரிய தாள்களைக் காக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

நூலகங்களில் பீரோவின் மேலும் கதவுக்குப் பின்னாலும் சாய்த்து வைத்திருக்கும் தாள்சுருள்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. கிராம வரைபடம், ஏரிப் பாசன வரைபடம், கட்டடத்தின் புளூபிரிண்ட், எப்போதோ சுவரில் தொங்கிய மாவட்டப் படம் என்று அவற்றில் பலவும் வேறு பிரதி இல்லாதவை. மேசையைவிடப் பெரியவை என்ற ஒரே காரணத்தால் அவற்றுக்கு அலமாரியில் இடம் கிடைப்பதில்லை. பெரும்பாலும் நூற்பட்டியலிலும் கிடைப்பதில்லை.

இவற்றை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சுருட்டவே கூடாது, எல்லாவற்றையும் தட்டையாக வைக்க வேண்டும் என்பது ஒன்று. இருக்கிற இடத்தில் அது நடக்காது, ஆளுக்கொரு குழாய் வாங்கி உள்ளே போட்டுவிடலாம் என்பது மற்றொன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராயருக்குள் மடிக்காமல் அடங்குவதெல்லாம் தட்டையாக இருக்கட்டும். அடங்காததெல்லாம் தடித்த உருளையின் வெளிப்புறத்தில் சுற்றப்படட்டும். ஒல்லியான குழாய்க்குள் செருகுவதும், கண்ணாடிபோல் லாமினேஷன் செய்வதும் எந்தத் தாளுக்கும் வேண்டாம்.

தட்டை டிராயர்: எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது

வரைபட டிராயரில் தாளுக்கு இழுவிசை இல்லை, வளைவு இல்லை, எடுத்தவுடன் படிக்கலாம். 841 × 1189 மி.மீ. அளவுள்ள ஏ0 தாள் கொள்ளும் டிராயர்கள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஆழம். 5 செ.மீ.க்கு மேல் ஆழமான டிராயரை வாங்கினால் அதில் நூறு தாள்களை அடுக்கிவிடுவார்கள். அடியில் இருப்பதை ஒருவர் இழுக்கும்போது மேலுள்ள அத்தனையும் சேர்ந்து மடங்கும். ஆழம் குறைந்த டிராயர்கள் அதிக எண்ணிக்கையில் இருப்பதே பாதுகாப்பு.

டிராயருக்குள் வைக்கும் உறையைத் தாளின் அளவுக்கு வெட்டாமல் டிராயரின் அளவுக்கே வெட்ட வேண்டும். சிறிய உறைகள் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நகர்ந்து, பின்பக்க இடுக்கில் சிக்கி நசுங்கும். பவுடர் கோட்டிங் செய்த எஃகுப் பெட்டி நல்லது. தேக்கும் பிளைவுட்டும் அழகாக இருக்கும், ஆனால் மரமும் அதன் பசையும் வெளியிடும் அமில ஆவி மூடிய டிராயருக்குள் தாளை மெல்ல மஞ்சளாக்கும்.

டிராயர் தோற்பது அளவில்தான். இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கிறதே என்று ஓரத்தை மடித்து உள்ளே தள்ளும் பழக்கம் எங்கும் இருக்கிறது. மடிப்பில் நார்கள் ஒரே கோட்டில் உடைகின்றன. இரண்டு மடிப்புகள் குறுக்கிடும் இடத்தில் சில ஆண்டுகளில் ஓட்டை விழும். நில வரைபடத்தில் அந்த ஓட்டை ஒரு கிணற்றையோ எல்லைக்கல்லையோ விழுங்கியிருக்கும். மடிப்பதற்கும் நன்றாகச் சுருட்டுவதற்கும் இடையே தேர்வு என்றால் நான் எப்போதும் சுருளின் பக்கம்தான்.

மூன்றாவதாக ஒரு வழியும் வரலாற்றில் உண்டு: பெரிய தாள்களைச் சேர்த்துப் பெரும் புத்தகமாகக் கட்டிவிடுவது. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள கிளெங்கே அட்லஸ், 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதன் உயரம் 1.75 மீட்டர். உள்ளே இருப்பவை சுவரில் மாட்டுவதற்காக அச்சிட்ட டச்சு வரைபடங்கள். அதே வகை வரைபடங்கள் சுவரில் தொங்கி, வெளிச்சமும் புகையும் பட்டு அழிந்துபோயின. கட்டிய புத்தகத்துக்குள் இருட்டில் கிடந்தவை தப்பின. இன்று யாரும் இந்த முறையைப் பின்பற்ற முடியாது. தொங்கவிடும் முறையின் மீதான தீர்ப்பாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளலாம். பொறியாளர் அலுவலகங்களில் கம்பியில் மாட்டி வைக்கும் தொங்கு அலமாரி தினசரிப் பயன்பாட்டுக்கானது; முழு எடையும் மேல் ஓரத்தில் இறங்குவதால் காப்பகத்துக்கு அது ஏற்றதன்று.

சுருளின் கணக்கு

தாளை வளைக்கும்போது அதன் வெளிமுகம் நீள்கிறது, உள்முகம் சுருங்குகிறது. தாளின் தடிமனை உருளையின் விட்டத்தால் வகுத்தால் அந்த நீட்சி எவ்வளவு என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். துணி ஒட்டிய வரைபடம் ஒன்று அரை மில்லிமீட்டர் தடிமன் என்று கொள்வோம். 25 மி.மீ. விட்டத்தில் அதைச் சுருட்டினால் வெளிமுகம் 2 சதவீதம் நீள வேண்டும். 150 மி.மீ. உருளையில் சுற்றினால் 0.33 சதவீதம் போதும். புதிய தாள் முன்னதைத் தாங்கிக்கொள்ளும். விரல் பட்டால் ஓரம் உதிரும் அளவுக்குப் பழுத்த தாள் தாங்காது. மை கோட்டின் மீதே விரிசல் ஓடும். இன்னொரு கணக்கும் உண்டு. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அதே படம் ஒல்லிச் சுருளில் சுமார் 15 சுற்று வரும், தடித்த உருளையில் மூன்றே சுற்று. ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் தாள் அத்தனை சுற்றையும் கடந்துவர வேண்டும்.

நூற்றாண்டுகளாகச் சுருளையே நம்பி வாழ்ந்த நாடுகளும் இதே முடிவுக்குத்தான் வந்தன. ஜப்பானில் தொங்கு ஓவியங்களைச் சுற்றும் மெல்லிய மரக்கோலின் மீது ஃபுதோமாக்கி என்ற இரு பிளவுள்ள தடித்த மர உறையை மாட்டி, அதன் மேல் சுற்றி, கிரி (பவுலோனியா) என்ற லேசான மரத்தாலான பெட்டியில் வைக்கிறார்கள்.

குறைந்தபட்ச விட்டம் 10 செ.மீ. என்பது பல காப்பகங்களின் நடைமுறை. துணி ஒட்டியவற்றுக்கும் ஒட்டுப்போட்டவற்றுக்கும் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பேன். உருளை தாளின் அகலத்தைவிட இரு பக்கமும் சில அங்குலம் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தூக்குபவரின் கை உருளையில் படும், தாளின் ஓரத்தில் படாது.

இனி உள்ளே வைப்பதா வெளியே சுற்றுவதா என்ற கேள்வி. குழாய்க்குள் போட்ட தாள் தளர்ந்து விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எடுக்க வேண்டுமானால் நடுவிலிருந்து திருகி இழுக்க வேண்டும். முதலில் கிழிவது எப்போதும் அந்த உள் ஓரம்தான். குழாயின் அடியில் ராமபாணப் பூச்சி குடியிருந்தாலும் வெளியே தெரியாது. வெளிப்புறம் சுற்றிய தாளில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மெல்லிய அமிலமற்ற தாளை இடையில் கொடுத்துச் சுற்றி, மேலே ஒரு காப்புத் தாள் போர்த்தி, அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். ரப்பர் பேண்டும் சணல் கயிறும் தாளில் அழுந்தித் தழும்பு போடும். பிறகு இதையே இன்னும் பெரிய குழாய்க்குள் வைத்தால் தூசிக்கும் ஒழுகலுக்கும் பாதுகாப்பு. குழாய்க்குள் போக வேண்டியது உருளையோடு சேர்ந்த சுருள். எல்லாமே கிடையாகப் படுத்திருக்க வேண்டும். நிறுத்தி வைத்தால் மொத்த எடையும் கீழ் ஓரத்தை நசுக்கும்.

உருளை எதனால் ஆனது என்பதிலும் போட்டி உண்டு. துணிக்கடையில் ரோல் சுற்றி வரும் அட்டைக் குழாய் இலவசமாகக் கிடைக்கும். அதில் அமிலம் நிறைய. பிவிசி குழாய் மழைக்கும் கரையானுக்கும் அசையாது, ஆனால் பழையதாகும்போது ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியை விடக்கூடியது. அமிலமற்ற அட்டை உருளை சிறந்தது, விலை அதிகம். கையில் பணம் குறைவாக இருந்தால் துணிக்கடைக் குழாயின் மேல் பாலியஸ்டர் படலத்தை முழுதாகச் சுற்றி, அதன் மேல் அமிலமற்ற தாளையும் சுற்றிப் பயன்படுத்தலாம். நான் பரிந்துரைப்பது இதைத்தான். சரியான பொருளுக்காக நிதி வரும்வரை ஒல்லிச் சுருளாகவே விட்டுவைப்பது பெரிய இழப்பு.

பின்னால் ஒட்டிய துணி

உருளை சரியாக இருந்தும் படம் உடைகிறதென்றால் பின்புறத்தைப் பாருங்கள். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் செல்டன் வரைபடம் என்று ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனாவையும் தென்கிழக்காசியக் கடல்வழிகளையும் காட்டி வண்ணத்தில் தீட்டிய படம். சுமார் 158 செ.மீ. நீளம், 96 செ.மீ. அகலம். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் செல்டனின் சேகரிப்போடு 1659இல் நூலகத்துக்கு வந்தது. 2008இல்தான் அதன் அருமை மீண்டும் உணரப்பட்டது. அப்போது அதன் நிலை மோசமாக இருந்ததற்கு முக்கியக் காரணம், பிற்காலத்தில் பலப்படுத்துவதற்காக ஒட்டிய முரட்டுத் துணி. சீனத் தாள் மென்மையாக வளையும். துணியும் பசையும் வளைய மறுக்கும். சுருட்டச் சுருட்டத் தாள் பொடிந்தது. காப்பாளர்கள் அந்தத் துணியை நீக்கி, தாளையே பின்புலமாக ஒட்டி மீட்டார்கள்.

நம் ஊரிலும் நில அளவைப் படங்களுக்கு மல் துணி ஒட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. துணியும் தாளும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் நாளடைவில் குமிழ் விடும். மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலந்திருந்தால் இன்னும் கேடு. செம்பு தாளின் செல்லுலோஸ் அரிப்பை விரைவுபடுத்தும். ஆனாலும் துணி உறுதியாக ஒட்டியிருக்கும் படத்தில் அதை உரிக்க அவசரப்பட வேண்டாம். தடித்த உருளைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை நின்றுவிடும். புதிதாக ஒட்ட வேண்டிய படத்துக்கு ஜப்பானிய மெல்லிதாளும் கோதுமை மாப்பசையும்தான் என் தேர்வு. தண்ணீர் காட்டினால் பிரித்துவிடலாம் என்பது அதன் பெரும் சிறப்பு.

லாமினேஷனில் அந்தச் சிறப்பு அறவே இல்லை. அமெரிக்காவில் ஆவணச் சீரமைப்பாளர் வில்லியம் பாரோ 1930களில் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தை வெப்பத்தால் தாளோடு இணைத்தார். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950களில் இயந்திரமே இல்லாமல், அசிட்டோன் தொட்டுக் கையாலேயே ஒட்டும் முறை உருவானது. ஏழை நாட்டின் தேவைக்கு அது அக்கறையோடு கண்ட விடை. ஆனால் அசிடேட் முதுமையடையும்போது சுருங்கி அமிலம் விடுகிறது. கழற்றுவதற்குத் தாளைக் கரைப்பானில் மூழ்க வைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் படத்தை அப்படி மூழ்க வைக்கும் வசதி எத்தனை நூலகத்தில் இருக்கும்?

இதற்குப் பதிலாக வந்தது, தாளில் ஒட்டாமல் இரண்டு பாலியஸ்டர் படலங்களுக்கு நடுவே வைத்து ஓரத்தை மட்டும் மூடும் உறை. அடிக்கடி வாசகர் கைக்குப் போகும் படங்களுக்கு இது அருமையானது. ஆனால் மூன்று எச்சரிக்கைகள்: நிலைமின்சாரம் பென்சில் கோட்டையும் பேஸ்டல் வண்ணத்தையும் உரித்து எடுக்கும், அமிலத் தாளை அமிலம் நீக்காமல் உறையிட்டால் உள்ளேயே விரைந்து பழுக்கும், மிகப் பெரிய உறை கனம் கூடித் தொய்யும், சுருட்டவும் முடியாது. ஆகவே இது டிராயரின் துணை. உருளைக்கு இடைத்தாளே போதும்.

எல்லாத் தாளும் ஒன்றல்ல

புளூபிரிண்ட்டின் நீலம் காரத்தில் மங்கும். நல்லது என்று நினைத்துச் சுண்ணாம்புச் சத்து சேர்த்த காப்பகத் தாளில் அதைச் சுற்றுவது கெடுதல். காரம் சேர்க்காத தாள் வேண்டும். அம்மோனியா படிகளான டயஸோ பிரிண்ட்கள் தம்மிடம் தங்கிய ரசாயனத்தை அண்டை தாள்களுக்கும் கொடுக்கும், தனி டிராயர் கொடுத்துவிடுங்கள். டிரேசிங் பேப்பர் நொறுங்கும். டிரேசிங் துணியின் மேல் பூச்சு வெறும் கஞ்சி. தண்ணீர் பட்டால் பூச்சு போய் வெறும் துணியாகிவிடும். இங்கிலாந்தில் பழைய வரைபடங்களைத் துவைத்துக் கைக்குட்டையாக்கிக்கொண்டவர்கள்கூட இருந்திருக்கிறார்கள்.

விரிக்கும் வேலையில் இந்த வேறுபாடு உயிரான விஷயம். இறுகிய சுருளை உலர்ந்த நிலையில் கையால் அழுத்தி விரித்து, நாலு மூலையிலும் பேப்பர்வெயிட் வைப்பது வழக்கமான முறை. பழுத்த தாள் அதிலேயே உடைந்துவிடும். ஈரமூட்டி விரிப்பது மாற்று. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் கொஞ்சம் தண்ணீர், உள்ளே தண்ணீர் படாத இன்னொரு சிறு தொட்டி, அதற்குள் சுருள். சில மணி நேரத்தில் தாள் இளகும். மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகையால் அழுத்தி உலர்த்தினால் படியும். ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகளைவிட இந்த எளிய ஏற்பாடு மலிவு, பலனிலும் குறைவில்லை. ஆனால் நீரில் கரையும் மை, டிரேசிங் துணி, வண்ணம் உதிரும் படம் ஆகியவற்றை இதற்குள் விடவே கூடாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தொட்டியை இரவு முழுவதும் மறந்து விட்டுவிடவும் கூடாது. பூஞ்சைக்கு அந்த நேரம் போதும்.

பூஞ்சை என்றவுடன் ஏசி நினைவுக்கு வரும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை தலைகாட்டும், நம் கடலோரத்தில் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு அணைக்கும் ஏசி, ஈரக்காற்றைக் குளிர்ந்த அறைக்குள் அழைத்துவந்து தாளை நாள்தோறும் விரியவும் சுருங்கவும் வைக்கும். இரவும் பகலும் ஓட்ட முடியாத நூலகத்துக்கு மின்விசிறியும், சுவரை ஒட்டாத அடுக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரமும் மேலான ஏற்பாடு.

ஸ்கேன் செய்துவிட்டால் இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஸ்கேன் அவசியம், வாசகரின் கை மூலத்தின் மேல் படுவதைக் குறைப்பதால். ஆனால் நில எல்லை வழக்கில் அளவுகோல் வைத்துப் பார்ப்பது மூலத்தைத்தான். நீர்க்குறி, தாளின் வகை, பென்சிலால் அழித்தெழுதிய திருத்தம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒல்லிச் சுருளை உடைத்து விரித்து ஸ்கேன் எடுப்பது எனக்கு ஏற்பில்லை. முதலில் இளக்கி விரிக்க வேண்டும், ஸ்கேன் அதற்குப் பிறகு.

சிறிய நூலகம் ஒன்று இந்த ஆண்டே தொடங்க விரும்பினால் வரிசை இதுதான். எல்லாச் சுருளையும் கிடையாகப் படுக்க வையுங்கள். இதற்குச் செலவே இல்லை. ரப்பர் பேண்டுகளை நீக்கி நாடா கட்டுங்கள். விரியக்கூடியவற்றை அளந்து, எத்தனை டிராயருக்குள் அடங்கும் என்று எண்ணிய பிறகு பெட்டி வாங்குங்கள். மிச்சத்துக்கு உருளை. கடைசியாக, ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஊர்ப் பெயர், ஆண்டு, அளவு, படத்தின் வகை ஆகியவற்றை எழுதிய சீட்டையும், முடிந்தால் படத்தின் சிறு புகைப்படத்தையும் நாடாவில் கட்டித் தொங்கவிடுங்கள். எது உள்ளே இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டுமே விரிக்கப்படும் சுருள்கள் நம் நூலகங்களில் மிக அதிகம்.